அக்காவுக்கு எந்த டிரெய்லர்? நான்கு இலேசு வண்டிகளும் ஒரு எடைக் கணக்கும்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், கோலமாவை எடுத்து ஒரு செவ்வகம் போட்டேன். நீளம் 10 அடி, அகலம் 6 அடி 8 அங்குலம். அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் காரில் கோத்து இழுத்துப்போய் உள்ளேயே தங்க ஒரு டிரெய்லர் வாங்கப் பார்க்கிறார்கள். அங்கே விற்கும் ஸ்கேம்ப் 13 என்ற டிரெய்லரின் அளவு அது. பேரில் 13 அடி இருந்தாலும் காரோடு கோக்கும் முன்சட்டமும் அதில் சேர்த்தி. ஆள் புழங்கும் பெட்டி ஏறக்குறைய 10 அடிதான். கட்டில் இருக்கும் பக்கத்தில் ஒரு கோடு, அடுப்புக்கு ஒரு கோடு, மூலையில் கழிவறைக்கு ஒரு சதுரம். மனைவி உள்ளே போய் நின்றாள். சுவரோரத்தில் படுப்பதுபோல் ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ராத்திரி அண்ணி எழுந்தா அத்தானைத் தாண்டித்தானே வரணும்? அந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படி?"

இரண்டு வாரமாக எடை, விலை, அச்சு என்று நான் தாளில் எழுதிக்கொண்டிருந்த கணக்கை அந்தக் கேள்வி திருப்பிப் போட்டுவிட்டது.

அக்காவும் அத்தானும் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் முப்பது வருடமாக இருக்கிறார்கள். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. வருடத்தில் பாதியை ஊர் சுற்றிக் கழிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களிடம் இருப்பது டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட். அதன் இழுவை வரம்பு 3,500 பவுண்டு, நம் கணக்கில் 1,588 கிலோ. அதற்குள் அடங்கும் டிரெய்லராகப் பார் என்று என்னிடம் சொன்னார்கள். செகாம்புட்டில் ஒரு லாரிப் பட்டறையில் 27 வருடம் டிரெய்லர் அச்சும் பிரேக்கும் பார்த்தவன் நான், அதனால் கேட்டார்கள். பெரிய வண்டிக்கும் சின்ன வண்டிக்கும் எடையின் நியாயம் ஒன்றுதான்.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை நான்கு. மின்னசோட்டாவில் பேக்கஸ் என்ற சிற்றூரில் செய்யும் ஸ்கேம்ப் 13. டெக்சாஸில் செய்யும் காசிட்டா 17 அடி. ஒஹாயோவிலேயே சுகர்கிரீக்கில் செய்யும் நூகேம்ப் டேப் 320. அதே மாநிலத்தில் ஜாக்சன் சென்டரில் செய்யும் ஏர்ஸ்ட்ரீம் பேஸ்கேம்ப் 16. ஐந்தாவதாக இண்டியானாவின் ஜெய்கோ நிறுவனத்து எஸ்.எல்.எக்ஸ். வரிசையையும் அத்தான் சொன்னார். மாடிக் கட்டில் இருக்கிறது, நீங்கள் வந்தால் உங்களுக்கும் இடம் கிடைக்கும் என்றார். அதை நான்தான் வேண்டாம் என்றேன். மாடிக் கட்டில் வைத்த சின்ன மாடலே காலியாக 3,000 பவுண்டு வட்டாரத்தில் நிற்கிறது. சாமான் ஏற்றினால் அந்தக் கார் தாங்காது. நாங்கள் போய்த் தங்கப்போவது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்துக்காக அவர்கள் வருடம் முழுக்கப் பாரம் இழுக்க வேண்டாம். நாங்கள் கூடாரத்தில் படுத்துக்கொள்கிறோம்.

எடைக்கு வருவோம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் பெரிதாகப் போடும் எடை காலி வண்டியின் எடை. தண்ணீர், பாத்திரம், துணிமணி எதுவும் அதில் இல்லை. குளிர்சாதனம், வெயில் மறைப்பு போன்றவை கூடுதலாகக் கேட்டு வாங்குவதாக இருந்தால் அவையும் பல நேரம் அதில் சேராது. நாம் பார்க்க வேண்டியது வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடை. பேஸ்கேம்ப் 16 காலியாக 2,650 பவுண்டு, அதிகபட்சம் 3,500. நடுவில் 850 பவுண்டு, அதாவது 385 கிலோ இருக்கிறதே, தாராளம் என்றுதான் தோன்றும். அதன் நல்ல தண்ணீர்த் தொட்டி 22 கேலன். நிரப்பினால் அதுவே 83 கிலோ. பிறகு மெத்தை, நாற்காலி, கருவிப் பெட்டி, அக்காவின் குக்கர், பத்துக் கிலோ அரிசி. எண்ணிக்கொண்டே போனால் தாராளம் கரைகிறது.

காசிட்டாவும் இதே கதைதான். 17 அடி டீலக்ஸ் மாடல்கள் காலியாக 2,500 பவுண்டை ஒட்டி இருக்கின்றன, அதிகபட்சம் 3,500. பயணத்துக்குக் கட்டிக் கிளம்பியதும் 3,000 பவுண்டைத் தாண்டிவிடுவது சாதாரணம். டேப் 320 காலியாக 1,900 பவுண்டுக்குச் சற்று மேல், அதிகபட்சம் 2,900. முழுக்க ஏற்றினாலும் கார் வரம்புக்கு இன்னும் 270 கிலோ மிச்சம். ஸ்கேம்ப் எல்லாவற்றிலும் இலேசு. உள்ளே என்னென்ன வைத்துக் கேட்கிறோமோ அதைப் பொறுத்து 1,200 முதல் 1,500 பவுண்டு வரை.

இதோடு முடியவில்லை. காரின் இழுவை வரம்பு, முன்னால் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துச் சொல்வது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்பக்கம், காரின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பந்தில் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நாய் வால் ஆட்டுவதுபோல் ஆடும். அந்த ஆட்டம் ஒருமுறை பெரிதாகிவிட்டால் ஓட்டுநர் கையில் ஒன்றும் இல்லை. பட்டறையில் இருந்த காலத்தில் அப்படிக் கவிழ்ந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பந்து எடை காரின் சொந்தச் சுமையிலும் சேரும். அக்கா, அத்தான், நான், மனைவி, நான்கு பேர் பெட்டி, பந்து எடை எல்லாம் சேர்ந்தால் கார் தாங்கும் சுமை போதாது. அதனால் நாங்கள் போகும் மூன்று வாரமும் தனி வாடகைக் கார் என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எடை மட்டும் பார்த்தால் ஸ்கேம்ப் அல்லது டேப். அங்கேயே நின்றிருப்பேன், கோலமாவுச் செவ்வகம் இல்லாவிட்டால்.

ஸ்கேம்ப் 13இல் சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தை பரப்பினால் அதுதான் கட்டில். காலையில் தோசை சாப்பிடக் கட்டிலைக் கலைக்க வேண்டும், இரவில் மறுபடி விரிக்க வேண்டும். கட்டில் குறுக்காக வருவதால் உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். இரண்டு முட்டியும் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட அறுபத்தாறு வயது அக்காவை அங்கே படுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேம்ப் அதோடு போயிற்று.

டேப் 320ஐ அத்தான் நேரில் போய்ப் பார்த்தார். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கண்ணீர்த்துளி வடிவம், உள்ளே தச்சுவேலை அத்தனை நேர்த்தி. ஸ்வீடன் நாட்டு ஆல்டே வெப்பமூட்டி வைத்திருக்கிறார்கள். அது குழாய்களில் சூடான திரவத்தை ஓடவிட்டுச் சத்தமில்லாமல் அறையைச் சூடாக்கும். ஒஹாயோக் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை. பின்பக்க இருக்கைகளை இரண்டு தனிப் படுக்கையாகவும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் முதலில் பிடித்தது. அவர்களுக்குக் காலை ஒன்பது, எங்களுக்கு இரவு ஒன்பது. வீடியோ அழைப்பில் அத்தான் உள்ளே ஏறி நிமிர்ந்தார். நிமிர முடியவில்லை. உள் உயரம் 5 அடி 9 அங்குலம், அவர் 5 அடி 11. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே அடுப்பைக் காட்டினார், கழிவறையைக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். ஆறு மாதம் அப்படியே இருக்க முடியுமா?

அத்தானின் மனம் பேஸ்கேம்பில் இருக்கிறது. அதுவும் புரிகிறது. ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை 1952 முதல் ஜாக்சன் சென்டரில் இருக்கிறது. வெள்ளியாய் மின்னும் அலுமினியத் தகடு, வரிசை வரிசையாகத் தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணி. முன்னால் அகலமான கண்ணாடி, பின்னால் ஒரு கதவு. பின்பக்க இருக்கைகளை இரு சுவரோரமும் தனித்தனிப் படுக்கையாக விட்டுவிட்டு நடுவே நடந்துவரலாம், ஆனால் அவை ஒடுக்கம். உள்ளே எல்லாம் துடைத்தால் போய்விடும் பரப்பு. இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். விலையோ ஸ்கேம்ப் இரண்டு வாங்கும் அளவு.

இந்த ரிவெட் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர். பட்டறை பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்குப் போவதற்கு ரொம்ப நாள் முன்னால். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோனால், திருப்புளியின் மரப்பிடியால் பெட்டியின் தரையைத் தட்டிக்கொண்டே நகர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். டக், டக், டக், பிறகு தொப். அந்தத் தொப் வந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். மேலே தகடு புதுசுபோல் இருக்கும். அடியில் மரம் ஊறிப் புட்டு மாதிரி உதிரும். தண்ணீர் புகுந்த இடம் வேறு எங்கோ ஒரு சன்னல் மூலையாக, ஒரு ரிவெட் துளையாக இருக்கும்.

டிரெய்லருக்கும் முதல் எதிரி மழைதான். இண்டியானா வண்டிகள் பலவும் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியவை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே நீண்ட மூட்டு ஓடும், அதன் பசை வெயிலில் வெடிக்கும். ஸ்கேம்பும் காசிட்டாவும் ஃபைபர் கண்ணாடியில் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஓடாக வார்த்து ஒட்டியவை. மூட்டு குறைவு, கசிவும் குறைவு. பழைய வண்டிகளும் நல்ல விலைக்குப் போவது இதனால்தான். ஆனால் ஃபைபர் என்றால் கசியவே கசியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். உள் அலமாரிகளைப் பிடிக்க ஃபைபர் சுவரைத் துளைத்து ரிவெட் அடித்திருப்பார்கள், தரை மரம். அங்கே பார்க்க வேண்டும்.

காசிட்டாவில் பல அமைப்பு உண்டு. லிபர்ட்டி டீலக்ஸ் என்பதில் பின்பக்கம் இரண்டு பக்கச் சுவரோரமும் ஒவ்வொரு கட்டில், நடுவே வழி, முன்பக்கம் கழிவறை. வேண்டுமானால் நடுவை மூடிப் பெரிய கட்டிலாக்கலாம். அப்படியே விட்டால் அக்கா இரவில் எழுந்து, யாரையும் தாண்டாமல், இரண்டு பக்கமும் கையூன்றி நேராக நடந்து போய்விடலாம். உள் உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் மேல், அத்தான் நிமிர்ந்து நிற்கலாம். கழிவறையும் குளிப்பதும் ஒரே சதுரத்தில் என்பதை அமெரிக்கர்கள் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் எத்தனையோ வீட்டில் அப்படித்தான், அக்காவுக்கு அது பழக்கம்.

குறை வேறு இடத்தில். காசிட்டாவின் உள்சுவரில் கம்பளம் மாதிரி துணி ஒட்டியிருக்கிறார்கள். அதில் நெத்திலிச் சம்பல் ஒருநாள் வதக்கினால் ஒரு மாதம் மணக்கும். பேஸ்கேம்ப் ஜெயிக்கும் இடம் இது. அக்காவிடம் சொன்னேன். "தாளிக்கிறதெல்லாம் வெளிய ஒரு அடுப்பு வச்சுக்கிறேன்டா, தம்பி. உள்ள கஞ்சி, டீ போதும்" என்றாள். தோட்டத்து வீட்டில் பின்கட்டு அடுப்பில் வளர்ந்தவள், வெளியே சமைப்பது அவளுக்குக் கஷ்டமில்லை.

அதனால் என் ஓட்டு லிபர்ட்டி டீலக்ஸுக்கு. எடைதான் கழுத்தளவு, அதற்கு நிபந்தனை போட்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி காலியாகத்தான் ஓட வேண்டும், முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். முதல் பயணத்துக்கு முன் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் உள்ள எடைமேடையில் ஏற்ற வேண்டும். 3,300 பவுண்டுக்கு மேல் காட்டினால் சாமானை இறக்க வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. டிரெய்லருக்கு மின்பிரேக், காரில் அதற்கான கட்டுப்பாட்டுக் கருவி இரண்டும் வேலை செய்ய வேண்டும். அத்தானால் இதற்கு ஒத்துக்கொள்ள முடியாது என்றால் டேப் 320 எடுத்துக்கொள்ளட்டும், கழுத்து வலியோடு.

இப்படி ஒன்றை இங்கே இறக்கினால் என்ன என்று மனைவி கேட்டாள். அமெரிக்க வண்டிக்குக் கதவு வலப்பக்கம். நம் சாலையில் ஓரமாக நிறுத்தினால் கதவு போக்குவரத்தின் பக்கம் திறக்கும். அந்த ஆசையை விட்டுவிட்டோம்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு பழைய லிபர்ட்டி விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்தச் சனிக்கிழமை அத்தான் பார்க்கப் போகிறார். அதன் அச்சு, இரும்புப் பட்டைகளை அடுக்கிய இலைவில் இல்லாமல், உள்ளே ரப்பர் வைத்த அச்சு. ரப்பர் இறுகிப்போனால் பார்க்கத் தெரியாது, அதனால் சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று இரண்டு பக்கமும் அளக்கச் சொன்னேன். டயரில் கடைசி நான்கு எண்ணைப் படமெடுக்கச் சொன்னேன், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அதில் இருக்கும். பிறகு மரப்பிடி போட்ட திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வாசலுக்கு உள்பக்கம், இரண்டு சன்னலுக்கும் கீழே, கழிவறைத் தரை. தட்டும்போது போனைத் தரையோரமாகப் பிடியுங்கள் அத்தான், நான் இங்கிருந்து கேட்கிறேன் என்றேன்.