டெங்கு வாட்டுக்கு எக்செலா, ஏஐ எழுதிய செயலியா?

கார்த்திகை, மார்கழி மழையோடு மட்டக்களப்பில் டெங்கு கூடும். ஆபத்தான கட்டத்தில் மொத்தம் எவ்வளவு திரவம் கொடுக்கலாம் என்று கணக்கிட எக்செல் தாளும் உதவும், வைத்தியரே ஏஐயிடம் சொல்லி எழுதுவித்த செயலியும் உதவும்.

போனில் பார்க்கச் செயலிதான் வசதி. மணித்தியாலத்துக்குக் கொடுத்ததைக் கழித்து மீதியையும் காட்டும். எக்செலைச் சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் பார்ப்பது பெரிய தலையிடி.

சரி, பிழை? 20 கிலோ பிள்ளைக்கு நாளாந்தத் தேவை 1500 மில்லிலீற்றர், உடல் எடையில் 5 வீதத் திரவ இழப்புக்கு 1000, மொத்தம் 2500. இதை இரண்டுமே சரியாகச் சொல்லும். 80 கிலோ ஆளைப் போட்டுப் பாருங்கள். இலங்கையின் டெங்கு சிகிச்சை வழிகாட்டியில் எடைக் கணக்கு 50 கிலோவோடு நிற்கும், விடை 4600. அந்த வரம்பை ஏஐயிடம் சொல்ல மறந்தால் செயலி 6700 என்று அழகாகக் காட்டும். எக்செலிலும் அதே பிழை வரலாம்தான், ஆனால் பெட்டியைத் தட்டினால் சூத்திரம் தெரியும்; பக்கத்தில் நிற்பவரே பிடித்துவிடுவார். கோட் வாசிக்கத் தெரியாத வைத்தியருக்குச் செயலியில் அந்த வசதி இல்லை.

நோயாளியின் பெயர் இரண்டிலும் வேண்டாம், கட்டில் இலக்கம் போதும்.

இந்த மாரிக்கு நான் எக்செலைத்தான் சொல்வேன். செயலிதான் வேண்டுமென்றால், 50 கிலோவுக்கு மேலும் கீழும் சில எடைகளைக் கையால் கணக்கிட்டு ஒத்துப்பார்த்த பிறகே வாட்டுக்குள் விடலாம்.