640 கிலோ கியர்பாக்ஸும் ஒரு லாரி சர்வீஸும்

அம்பத்தூரில் வாங்கிய பழைய வார்ம் கியர்பாக்ஸ், மோட்டாரோடு சேர்த்து 640 கிலோ. கோவை கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் ஒரு லாரி சர்வீஸில் பார்ட் லோடில் (மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து) புக் செய்தேன். சர்வீஸின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் கெட்டது அவர்களின் ஒரு குடோனில் மட்டும்தான் நடந்தது.

முதலில் நல்லது. ஏற்றிய விதம் அருமை. கியர்பாக்ஸின் தலையில் தூக்குவதற்காக இருக்கும் வளைய போல்ட்டான ஐபோல்ட் அந்தப் பெட்டியின் எடைக்கு மட்டும்தான், மோட்டாரையும், இரண்டையும் தாங்கும் அடித்தகடான பேஸ் பிளேட்டையும் சேர்த்து அதில் தொங்கவிட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நான் வாய் திறப்பதற்கு முன்பே லோடுமேன் அண்ணன் பேஸ் பிளேட்டுக்கு அடியில் பெல்ட் கொடுத்து ஹைட்ரா கிரேனில் தூக்கினார். அடியில் மரக்கட்டை, நாலு பக்கமும் செயின். மூன்றாம் நாளே கோவை வந்துவிட்டது, ஒரு கீறல் இல்லை.

அப்புறம்தான் வினை. எல்.ஆரில் (லாரி சர்வீஸ் தரும் சரக்கு ரசீது) என் போன் நம்பரில் ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அதனால் சரக்கு வந்த தகவலே எனக்கு வரவில்லை, நானாகத் தேடிப் போனபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. உள்ளே இடமில்லை என்று வெளியே வெறும் மண்ணில் இறக்கிவைத்து, கிழிந்த தார்ப்பாயைப் போட்டிருந்தார்கள். நடுவில் இரண்டு மழை. ஷாஃப்டில் இருக்கும் கீவே பள்ளம் முழுக்கத் துரு. பட்டறைக்கு வந்து டிரெயின் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் வருகிறது. பெட்டிக்குள் காற்று போய்வரும் பிரீதர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பார்த்ததும் வயிறு எரிந்தது. இதில் டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானதற்கான கட்டணம்) வேறு கேட்டார்கள், சண்டை போட்டுப் பாதியைக் குறைத்தேன். நஷ்டத்துக்கு எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு) என்ற முத்திரையைக் காட்டிவிட்டார்கள்.

நீங்கள் அனுப்புவதாக இருந்தால் பிரீதரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிளக் போடுங்கள், ஷாஃப்டில் கிரீஸ் தடவி துருவைத் தடுக்கும் வி.சி.ஐ. பேப்பர் சுற்றுங்கள், டிரான்சிட் இன்சூரன்ஸைத் தனியாக எடுங்கள், எல்.ஆரில் நம்பரை நீங்களே படித்துப் பாருங்கள். ஏற்றுவதற்கும் ஓட்டுவதற்கும் ஐந்துக்கு ஐந்து, குடோனுக்கு ஒன்று. அடுத்த மாதம் ஒரு கிராங்க் ஷாஃப்ட் வர வேண்டியிருக்கிறது, இவர்களிடமே கொடுப்பேன், ஆனால் டோர் டெலிவரி என்றால் மட்டும்.