வியூ 3உடன் பிற நிரலகங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் மூத்தோரின் வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லும் தொண்டூழியர்களுக்கான செயலி ஒன்றை எங்கள் சிறு குழு பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. அது முதலில், இணையச் செயலிகளின் திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகமான வியூவின் இரண்டாம் பதிப்பில் (வியூ 2) எழுதப்பட்டது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிவுக்கு வந்ததால் வியூ 3க்கு மாறினோம். எங்கள் சொந்த நிரல்களை மாற்றுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. வரைபடம், விளக்கப்படம், இழுத்து வரிசைப்படுத்தும் பட்டியல், தேதித் தெரிவு என்று வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய நிரலகங்கள்தாம் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகள்) பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொண்டன. வியூ 3க்கு மாற எண்ணுவோருக்கும் ஏற்கெனவே மாறிவிட்டோருக்கும் பயன்படும் என்று கருதி, அவற்றைச் சோதித்ததில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பொதுவாகத் தனித்தனி ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருப்பதால், அதை மட்டும் வைத்தே விநியோக இடத்தைக் குறித்துவிடலாம். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் வரைபடத்தை லீஃப்லெட் நிரலகத்தின் மூலம் காட்டுகிறோம். லீஃப்லெட் வரைபடப் பொருளை தன்னுள் வைக்கப்படும் மதிப்பின் மாற்றங்களைக் கண்காணிக்கும் வியூ 3இன் ‘ரெஃப்’ ஒன்றில் வைத்துச் சோதித்தபோது முதல் பார்வையில் எந்தக் குறையும் தெரியவில்லை. வரைபடம் வந்தது, குறிகள் தோன்றின, நகர்த்தவும் முடிந்தது. ஆனால் ஒரு குறியை நீக்கிவிட்டு வரைபடத்தைப் பெரிதாக்கியதும், இல்லாத பொருளிடமிருந்து மதிப்பைப் படிக்க முயல்வதாகப் பிழைச்செய்தி வந்து வரைபடம் பாதியில் நின்றது.

காரணம் வியூ 3இன் அடித்தளத்திலேயே இருக்கிறது. வியூ 2 நம் பொருளின் பண்புகளை அந்தப் பொருளிலேயே மாற்றியமைத்து மாற்றங்களைக் கண்காணித்தது. வியூ 3 பொருளைத் தொடாமல் அதன் மேல் ‘பிராக்ஸி’ என்ற உறையைப் போட்டு, நம் கையில் அந்த உறையைத் தருகிறது. உறையும் உள்ளே இருக்கும் பொருளும் ஒரே தரவைக் காட்டினாலும், ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கில் இரண்டும் வெவ்வேறு. லீஃப்லெட் நிகழ்வுகளைப் பதிவு செய்வதும் நீக்குவதும் பொருளின் அடையாளத்தை ஒப்பிட்டுத்தான். மூலப் பொருளாகச் சேர்க்கப்பட்ட குறி உறையின் வழியாக நீக்கப்படும்போது அடையாளம் பொருந்தாமல் பழைய பதிவு அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த முறை பெரிதாக்கும்போது, வரைபடத்திலேயே இல்லாத குறியை நகர்த்த முயன்று தடுமாறுகிறது. ‘ரெஃப்’புக்குப் பதில், உள்ளிருக்கும் பொருளுக்கு உறை போடாத ‘ஷாலோரெஃப்’ பயன்படுத்தினால், அல்லது பொருளை ‘மார்க்ரா’ மூலம் கண்காணிப்பிலிருந்து விலக்கினால், பிழை முற்றிலும் நின்றுவிடுகிறது.

விளக்கப்படங்களுக்கான சார்ட்.ஜேஎஸ்ஸிலும் வேர் இதுவே, அறிகுறி மட்டும் வேறு. அந்த நிரலகம் தனக்குத் தரப்படும் தரவுப் பட்டியலில் ஏற்படும் மாற்றங்களைத் தானும் கவனிக்கிறது. வியூவும் கவனிக்க, அதுவும் கவனிக்க, ஒன்றையொன்று மீண்டும் மீண்டும் அழைத்து, அழைப்பு அடுக்கு நிரம்பிவிட்டதாக உலாவி அறிவிக்கும். விளக்கப்படத்தைக் கண்காணிப்புக்கு வெளியே வைத்து, தரவின் எளிய நகலை மட்டும் கொடுத்தால் போதும்.

இந்த இரண்டிலும் கூறு (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல்) திரையில் வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கும் சோதனை எதையும் கண்டுபிடித்திருக்காது. ஆகவே ஒவ்வொரு நிரலகத்துக்கும் தனிச் சோதனைப் பக்கம் ஒன்றை உருவாக்கி, சேர்ப்பது, நீக்குவது, வேறு பக்கத்துக்குச் சென்று திரும்புவது, மறைத்துக் காட்டுவது ஆகியவற்றை உண்மையான உலாவியில், அதைத் தானாக இயக்கும் பிளேரைட் கருவி மூலம் இயக்கினோம். உலாவியே இல்லாமல் அதைப் போல நடிக்கும் ஜேஎஸ்டாமில் இயங்கும் சோதனைகள் விரைவானவை என்றாலும், அங்கே பக்க அமைப்பைக் கணக்கிடும் பகுதியே கிடையாது. எல்லாவற்றின் அகலமும் சுழியம் என்றே வரும். அங்கே வரைபடத்தைச் சோதிப்பதில் பொருளில்லை. வேறு பக்கத்துக்குச் செல்லும்போது வரைபடத்தை முறையாக நீக்காவிட்டால் அதே இடத்தில் மீண்டும் வரைபடத்தை உருவாக்க லீஃப்லெட் மறுக்கும் என்பதும், மறைந்திருந்த பகுதி வெளிவரும்போது அளவை மீண்டும் கணக்கிடச் சொல்லாவிட்டால் வரைபடத்தின் ஒரு பகுதி சாம்பல் நிறமாகவே நிற்கும் என்பதும் இவ்வாறு இயக்கும்போதுதான் வெளிப்படும்.

இழுத்து வரிசைப்படுத்தும் பட்டியலில் சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. தொண்டூழியர் தாம் செல்லும் வீடுகளின் வரிசையை விரலால் இழுத்து மாற்றுவார். இதற்கு நாங்கள் பயன்படுத்தும் சார்டபிள்ஜேஎஸ் நிரலகம் பக்கத்தின் உறுப்பை நேரடியாக நகர்த்தும். பின்னர் நாம் தரவின் வரிசையையும் மாற்றும்போது, தான் கடைசியாக வரைந்த நிலையை நம்பி வியூ அதை மறுபடி நகர்த்தும். சில வேளை சரியாகவும் சில வேளை ஓரிடம் தள்ளியும் பட்டியல் நிற்கும். தவறான வரிசையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் ஈசூன் வட்டாரத்தில் வெயிலில் நடக்கக்கூடாது என்பதால் இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இழுத்து முடித்த கணமே உறுப்பைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்து, தரவை மட்டும் மாற்றி, வரைவதை வியூவிடமே விட்டுவிடுகிறோம்.

அடுத்தது தமிழ் எழுதுவோர் கட்டாயம் சோதிக்க வேண்டியது. தொண்டூழியம் செய்யும் அக்கா ஒருவர், தமது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘முத்துலட்சுமி’ என்று முழுதாக எழுதினாலும் இடைவெளிப் பொத்தானை அழுத்தும்வரை பெயர்ப் பட்டியல் அசையவில்லை என்றார். உள்ளீட்டுப் பெட்டியையும் தரவையும் இணைக்கும் வியூவின் ‘வி-மாடல்’, விசைப்பலகையின் உள்ளீட்டு முறையில் சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போது மதிப்பைப் புதுப்பிப்பதில்லை. இது ஆவணங்களிலேயே சொல்லப்பட்டிருக்கும் நடத்தை. சீன மொழிக்கு இது முற்றிலும் பொருத்தமானது, ஏனென்றால் இடையில் திரையில் நிற்பவை சீன ஒலிப்பை லத்தீன் எழுத்தில் காட்டும் வெறும் பின்யின் எழுத்துகள். தமிழிலோ ‘முத்து’ என்ற பாதிச் சொல்லே தேடுவதற்குப் போதுமானது. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதப்படக்கூடிய ஒரே தேடல் பெட்டியை வைத்திருக்கும் நாங்கள், இடைமுக மொழி சீனமாக இருந்தால் ‘வி-மாடல்’ என்றும், மற்ற மொழிகளில் உள்ளீட்டு நிகழ்வை நேரடியாகக் கவனிப்பது என்றும் பிரித்தோம். வெளியிலிருந்து எடுத்த தேடல் கூறு தன் உள்ளே ‘வி-மாடல்’ வைத்திருந்தால் இப்படிப் பிரிக்க வழியில்லை. ஆகவே எந்தக் கூறையும் ஏற்கும்முன் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழில் எழுதிப் பார்ப்பது எங்கள் நிலையான சோதனையாகிவிட்டது. மேசைக் கணினியில் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது ஒருபோதும் படாது.

இத்தகைய மூல நிரலகங்களை வியூவில் பயன்படுத்துவதற்கென்றே பிறர் எழுதிய உறைக் கூறுகள் (மேலே சொன்ன பிராக்ஸி உறை அல்ல) குறித்து என் கருத்து இப்போது உறுதியாக இருக்கிறது. வியூ 3 வெளியானது 2020 செப்டம்பரில்; பலரும் நம்பியிருந்த, ஆயத்தத் திரைக் கூறுகளைத் தரும் வியூட்டிஃபை நிரலகத்தின் மூன்றாம் பதிப்பு நிலைபெற்றது 2022இல்தான். பெரிய குழு பராமரிக்கும் நிரலகத்துக்கே அவ்வளவு காலம் ஆகும்போது, தனியொருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய உறைகள் பின்தங்குவது இயல்பே. நாங்கள் பயன்படுத்திய தேதித் தெரிவுக் கூறு ஒன்று வியூ 3க்கு வரவே இல்லை. வியூ 2இன் நடத்தையைத் தற்காலிகமாகத் தரும் இடைமாற்றுப் பதிப்பு ஒன்றை வியூ குழு வெளியிட்டிருக்கிறது. நம் சொந்த நிரலுக்கு அது நன்றாகவே உதவுகிறது, ஆனால் வியூவின் உள்ளமைப்பைத் தொட்டு எழுதப்பட்ட கூறுகளை அதனாலும் காப்பாற்ற முடியாது. மாறாக, எந்தச் சட்டகத்தையும் அறியாத லீஃப்லெட்டும் சார்ட்.ஜேஎஸ்ஸும் இந்த மாற்றத்தில் ஒரு வரிகூடத் திருத்தப்படாமல் தப்பின. நாம் திருத்தியதெல்லாம் அவற்றை வைத்திருந்த இடத்தைத்தான்.

ஆகவே இப்போது மூல நிரலகத்தையே நேரடியாக எடுத்து, அதை உருவாக்குவது, புதுப்பிப்பது, நீக்குவது ஆகியவற்றை மட்டும் செய்யும் மெல்லிய உறையை நாங்களே எழுதிக்கொள்கிறோம். தேதித் தெரிவுக்கும் அவ்வாறே ஃபிளாட்பிக்கரை எடுத்துக்கொண்டோம். 2024 செப்டம்பரில் வந்த வியூ 3.5, கண்காணிப்பு முறையின் உட்பகுதியைப் பெரிதும் மாற்றியமைத்தது. அதற்கு மாறியபோது அதே சோதனைப் பக்கங்களை இயக்கினோம். எங்கள் உறைகள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து எடுத்த உறைக் கூறு இன்னும் ஒன்று மீதமிருக்கிறது, தொண்டூழியர் பணிநேரங்களைக் காட்டும் நாள்காட்டி. அதன் பராமரிப்பு தொடர்ந்து நடப்பதால் இப்போதைக்கு வைத்திருக்கிறோம், ஆனால் பதிப்பு எண்ணை இறுக்கிப் பூட்டி, ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் முன் தமிழ் உள்ளீடு உட்பட எல்லாச் சோதனைகளையும் ஓட்டிய பிறகே ஏற்கிறோம்.