ராம்நாட்டு கடையில செஞ்சு வாங்கின துப்பாக்கி பெட்டி, ஒன்றரை வருஷம் கழிச்சு

அப்பா ஆர்மியில இருந்து வந்தப்புறம் 11 வருஷம் பரமக்குடியில பேங்க் செக்யூரிட்டி கார்டா இருந்தாரு, அதுக்காக வாங்கின 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது ரெண்டு குழல் துப்பாக்கி இன்னும் வீட்ல தான் இருக்கு. லைசென்ஸ் அவரு பேர்ல, 2019 ஆயுத சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ரினிவல். வீடு ஏர்வாடி பக்கம், கடலுக்கு முக்கா கிலோமீட்டர் கூட வராது. இத எதுக்கு முதல்லயே சொல்றேன்னா மதுரையில இருக்கவங்களுக்கு சரியா வர்ற பெட்டி நமக்கு சரியா வராது.

முன்னாடியெல்லாம் கேன்வாஸ் கவர்ல போட்டு பீரோ மேல தான் வச்சிருந்தோம். 2023 மே லீவுக்கு அக்கா வந்தப்ப அவ மகன், ஆறு வயசு, ஸ்டூல் போட்டு ஏறி கவர் ஜிப்ப திறந்து கட்டைய (தோள்ல வைக்கிற மரப்பகுதி) பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறான். தோட்டா உள்ள இல்ல, அது எனக்கும் தெரியும், ஆனா கதவுகிட்ட நின்ன அந்த நேரத்துல எனக்கு கை கால் ஓடல. அப்பா சத்தம் போடாம பின்னாடி போயி குழல ஒரு கையால செவுத்து பக்கம் திருப்பி பிடிச்சு, இன்னொரு கையால பிள்ளைய இறக்கிவிட்டு, அப்புறம் லீவர தள்ளி மடக்கி ரெண்டு குழலையும் ஜன்னல் வெளிச்சத்துல பாத்தாரு. காலின்னு தெரிஞ்ச மனுஷன் தான், ஆனாலும் பாத்தாரு. எப்ப கையில எடுத்தாலும் லோடு ஆகி இருக்குன்னு நெனச்சு தான் எடுக்கணும், விரல் ட்ரிக்கர் பக்கமே போகக்கூடாதுன்னு சின்ன வயசுல இருந்து அவரு எங்ககிட்ட சொல்றது அன்னைக்கு தான் எனக்கு முழுசா புரிஞ்சுது.

உடனே ஆன்லைன்ல ஒரு டிஜிட்டல் லாக்கர் வாங்கினேன், எட்டே மாசத்துல நம்பர் பட்டன் உள்ள பச்சை பூத்துப்போச்சு, கச்சான் காத்துல (தென்மேற்கு கடல் காத்து) எலக்ட்ரானிக் சாமான் எதுவும் நிக்காது. அப்புறம் 2024 எம்.பி. எலெக்ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருந்த துப்பாக்கிய திருப்பி வாங்கினதும் ராமநாதபுரம் டவுன்ல பீரோ செய்யற கடை ஒண்ணுல சொல்லி செஞ்சது தான் இந்த பெட்டி. 14,500 ரூபாய், ஆட்டோ 600. 12 நாள்னு சொன்னாங்க, 19 நாள் ஆச்சு.

பெட்டி உயரம் மூணடி தான். முழு துப்பாக்கி நாலடி கிட்ட வரும், ஆனா அப்பா அத கழட்டி தான் வைப்பாரு, கட்டை தனி, குழல் தனி, முன்கட்டை (குழலுக்கு அடியில கை பிடிக்கிற மரம்) தனி. குழல் 30 இஞ்ச், அதனால மூணடி தாராளம், இன்னொன்னு, பெட்டிய யாராவது திறந்துட்டா கூட மாட்டத் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது. தகடு 14 கேஜ் (கிட்டத்தட்ட 2 மி.மீ. தடிமன்), தட்டினா கும்முனு சத்தம் வருது, சாதாரண பீரோ மாதிரி தகர சத்தம் இல்ல. நாலு ஆங்கர் போல்ட் போட்டு செங்கல் செவுத்துல இறுக்கியிருக்கு (ஹாலோ பிளாக் செவுரா இருந்தா போல்ட் பிடிக்காது, தரையில அடிக்க சொல்லுங்க).

எனக்கு ரொம்ப பிடிச்சது தோட்டா பெட்டி. அது தனி பெட்டி, தனி சாவி, வேற ரூம்ல இருக்கு. கடைக்காரர் ஒரே பெட்டிக்குள்ள ட்ராயர் வச்சுத் தரேன் செலவு கம்மின்னாரு, அப்பா ஒத்துக்கவே இல்ல. துப்பாக்கி சாவி அவரு அரைஞாண்ல, தோட்டா சாவி என்கிட்ட. அம்மாவுக்கு கூட அந்த சாவி இருக்கிற இடம் தெரியாது, அம்மாவே தான் அப்படி வேணும்னு சொன்னாங்க.

இப்ப குறை. உள்ள சொல்லாமலே மெரூன் கலர் ஸ்பாஞ்ச் ஒட்டிக் குடுத்துட்டாங்க, பாக்க நகைப்பெட்டி மாதிரி அழகா இருந்துச்சு. முதல் ஐப்பசி மழை முடிஞ்சு குழல வெளிய எடுத்தா ஸ்பாஞ்ச் பட்ட இடத்துல மட்டும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி செம்பழுப்பா ஒரு வரி, நகத்தால சுரண்டினா பொடியா வருது. அப்பா எண்ணெயும் நைஸ் ஸ்டீல் வுல்லும் வச்சு ரெண்டு நாள் உக்காந்து தேச்சாரு, முகத்த பாக்கவே முடியல. ஸ்பாஞ்ச் உப்பு ஈரத்த குடிச்சு வச்சுக்கும், கேன்வாஸ் கவரும் தோல் கவரும் அதே கதை தான். இப்ப அத பிச்சுட்டு பழைய தேக்குல பள்ளம் எடுத்து ஸ்டாண்ட் வச்சிருக்கோம், குழல் வாய் கீழ பாத்து இருக்கும், எண்ணெய் வழிஞ்சாலும் வாய் வழியா வெளிய வந்துரும், அடிப்பக்கம் தங்காது. போல்ட்டுக்கு போட்ட ஓட்டைக்கு பிரைமர் அடிக்காம விட்டதால அங்கயும் துரு ஆரம்பிச்சிருந்துச்சு, நான் தான் எபாக்சி பிரைமர் வாங்கி அடிச்சேன்.

அரை கிலோ சிலிக்கா ஜெல் (ஈரத்த உறிஞ்சற மணி) துணியில கட்டி உள்ள போட்டிருக்கேன், நீலம் ரோஸ் ஆனதும் வறுத்து திரும்ப போடணும், வாடை காலத்துல பத்து நாளைக்கே ரோஸ் ஆகிடுது. சமையல் சட்டியில மட்டும் வறுத்துராதீங்க, அந்த நீலம் கோபால்ட், உடம்புக்கு ஆகாது, அதுக்குன்னே ஒரு பழைய சட்டிய அடுப்படிக்கு வெளிய வச்சுக்கங்க.

கடைய பத்தி சொல்லணும்னா வேலை சுத்தம், வெல்டிங் நேரா இருக்கு, ஸ்பாஞ்ச் விஷயம் சொன்னதும் ஆள் வந்து பாத்துட்டு 700 ரூபாய் திருப்பிக் குடுத்தாரு. நீங்க செய்யச் சொன்னா ஸ்பாஞ்ச் வேணாம், பெட்டிக்கு அடியில நாலு இஞ்ச் கால் வேணும், ஓட்டைக்கெல்லாம் பிரைமர் அடிச்சுட்டு தான் பெயின்ட்ன்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே எழுதி வாங்கிக்கங்க.