ராஸ்ட்: ஆடும் தளத்தில் ஹெலிகாப்டரைப் பிடித்துவைக்கும் அமைப்பு

சிறிய போர்க்கப்பலில் ஹெலிகாப்டரை இறக்குவது ஒரு பாடு என்றால், இறங்கியதை நழுவாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரும்பாடு. ஒரு சக்கரம் மட்டும் தொட்டிருக்கையில் தளம் சாய்ந்தால், அந்தச் சக்கரத்தையே அச்சாக்கி ஹெலிகாப்டர் கவிழ்ந்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் எஸ்எச்-60பி சீஹாக் ஹெலிகாப்டர்கள் பயன்படுத்திய ராஸ்ட், இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இதற்கு முன்னோடி, கனடா கடற்படை 1963-ல் அசினிபோயின் கப்பலில் பொருத்திய பேர்ட்ராப்.

பைலட் தளத்துக்கு மேலே நின்றபடி மெல்லிய கம்பி ஒன்றை இறக்குவார். தளத்திலுள்ளவர் அதை முதலில் எர்த் கோலால்தான் தொட வேண்டும். பறக்கும்போது சேர்ந்த நிலைமின்சாரம் வெறுங்கையில் பாய்ந்தால் ஆள் சுருண்டு விழுவார். கப்பலின் தடித்த வடத்தை அதில் கோர்த்துவிட்டால், அது மேலேறி ஹெலிகாப்டரின் வயிற்றிலுள்ள முளையில், அதாவது கீழ்நோக்கி நீண்டிருக்கும் தண்டில், பூட்டிக்கொள்ளும். பிறகு வின்ச் வேலை: தளம் எழும்போது வடத்தைச் சுருட்டும், தாழும்போது விடும், இழுவிசை மாறாது.

வடம் ஹெலிகாப்டரைத் தரதரவென்று கீழே இழுத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இழுவிசை கூடக்கூட பைலட்டும் சக்தியைக் கூட்டி ஈடுகொடுக்க வேண்டும். வடத்தின் முதல் வேலை, முளையைப் பொறிக்கு, அதாவது அதைக் கவ்விப் பிடிக்கத் தளத்தில் உள்ள கருவிக்கு, நேர்மேலே நிறுத்துவது. அலை சற்று அடங்கும் சில விநாடிகளைப் பார்த்துத் தளத்து அதிகாரி குரல் கொடுத்ததும் பைலட் இறக்கிவிட வேண்டும். பொறியின் எஃகுத் தண்டுகள் முளையை இருபுறமும் கவ்வும். தயங்கினால் தளம் மறுபடி எழும்பி வந்து மோதும். முளை பொறிக்கு வெளியே விழுந்தால் மேலே எழுந்து திரும்ப வரவேண்டியதுதான்.

இதில் ஆகச் சிறந்த பகுதி இறங்கிய பின்புதான். வால்பக்கத்தை வடங்களால் நேராக்கி, பொறியே தண்டவாளத்தில் ஓடி ஹெலிகாப்டரை ஹேங்கருக்குள் கொண்டுபோய்விடும். சாயும் தளத்தில் ஆட்கள் தள்ள வேண்டியதில்லை.

பெரிய குறை, கம்பி கோர்க்க ஒருவர் சுழலும் விசிறிக்கு அடியில் போக வேண்டியிருப்பது. பின்னர் வந்த ஆசிஸ்ட் அமைப்பு லேசரால் ஹெலிகாப்டரின் இடத்தைக் கண்காணித்துப் பிடிப்பதால் வடமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். புதிதாகக் கட்டும் கப்பலுக்கு அதுவே மேல். ராஸ்ட் இருக்கும் கப்பலிலும், கடல் அமைதியாக இருந்தால் வடத்தை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் பயன்படுத்தலாம். முளை பொருத்தாத விருந்தாளி ஹெலிகாப்டருக்கு மட்டும் இவை எதுவும் உதவாது.