தண்ணீர் வடிந்த மறுநாள் எந்தப் பணம் வரும்? கையிருப்பு, சிசி, காப்பீடு: ஓர் ஒப்பீடு

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்குத் தண்ணீர் வடிந்ததும் போனேன். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஆயிலும் சேறும் கலந்த ஒரு கோடு. சிஎன்சி மெஷினின் (கணினி வழி இயங்கும் மெஷின்) பேனல் கதவைத் திறந்தால் டிரைவ் கார்டுகளுக்கு நடுவே இன்னும் ஈரம். முதலாளி மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை. "சார், பத்தாம் தேதி சம்பளம் போடணும். அதுக்கு என்ன வழி?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் நம்பியிருந்தவை மூன்று: வங்கியின் சிசி வரம்பு (கேஷ் கிரெடிட், சரக்கை ஈடாகக் காட்டித் தேவைப்படும்போது எடுக்கும் கடன்), ஃபயர் பாலிசி, கையிருப்பாகக் கொஞ்சம் டெபாசிட். பெரும்பாலான சிறுதொழில்காரர்கள் நம்பியிருப்பதும் இவற்றைத்தான். மூன்றையும் 'ஆபத்துக்கு உதவும் பணம்' என்று ஒரே பேராகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் ஒரே நாளில் வருவதில்லை, ஒரே காரணத்துக்கும் வருவதில்லை.

சிசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பி ஏமாந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 12 லட்சம் வரம்பு என்றால் 12 லட்சமும் எப்போதும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை (சரக்கு இருப்புக் கணக்கு) வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி கணக்கிடுகிறது. மார்ஜின், அதாவது சரக்கு மதிப்பில் வங்கி கடன் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கு, 25 சதவீதம் என்றால், 16 லட்சம் சரக்குக்கு 12 லட்சம். வெள்ளத்தில் 10 லட்சம் சரக்கு போய்விட்டால் மிச்சம் 6 லட்சம். எடுக்கக்கூடியது நாலரை லட்சம். ஏற்கெனவே பத்து லட்சம் எடுத்திருந்தால் மேற்கொண்டு எடுப்பது இருக்கட்டும், ஐந்தரை லட்சத்தை நாம்தான் கட்ட வேண்டும். பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் மாதத்தில்தான் இந்த வரம்பு சுருங்குகிறது.

ஆனால் சிசியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைத்தது, அதுவும் அடமானம் இல்லாமல். ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. 'கடனே இல்லாமல் தொழில் செய்கிறேன்' என்று பெருமையாக இருந்த சிலர் அன்று நகையை எடுத்துக்கொண்டு போனார்கள். நாடு முழுவதும் ஒரே அடி விழும்போது வங்கிக் கணக்கு ஒழுங்காக இருப்பது உதவும். நம் தெருவில் மட்டும் அடி விழுந்தால் அந்த அளவுக்கு உதவாது.

அடுத்து காப்பீடு. பெயர் ஃபயர் பாலிசி என்றாலும் புயல், வெள்ளம் அதில் அடங்கும். ஓரிடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடி வரை இருக்கும் தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. எரிந்துபோன மெஷினுக்கு மாற்று வாங்கும் அளவுக்குப் பணம் வேறு எந்த வழியிலும் வராது. இதில் சந்தேகமே இல்லை.

பிரச்சினை, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்பதில். பலர் ஆடிட்டர் போட்ட இருப்புநிலைக் குறிப்பில் உள்ள மதிப்பையே அப்படியே பாலிசியில் எழுதிவிடுகிறார்கள். வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், 20 லட்சத்துக்கு வாங்கிய மெஷின் ஐந்தாம் வருட முடிவில் புத்தகத்தில் 9 லட்சத்துக்கும் கீழே நிற்கும். அது வரிக்கான கணக்கு. கடையில் போய்க் கேட்டால் அதே மெஷின் இன்று 20 லட்சத்துக்குக் குறையாது. சொத்தின் மதிப்பு 40 லட்சமாக இருக்க 20 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் வரும், அதிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். 'நஷ்டமே 10 லட்சம்தானே, பாலிசி 20 லட்சம் இருக்கிறதே' என்ற வாதம் அங்கே எடுபடாது. மதிப்பில் 15 சதவீதம் வரை குறைவாக எழுதியிருந்தால் மேலே சொன்ன பாலிசியில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் இந்த விகிதக் கணக்குதான்.

ஜாப் ஒர்க் செய்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்காக வந்து கிடக்கும் கஸ்டமரின் இரும்பு உங்கள் சொத்து அல்ல. அதைத் தனியாகச் சொல்லிச் சேர்த்திருந்தால்தான் பாலிசி பேசும்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர வேண்டும், மெஷினின் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும், வாங்கிய பில்லைக் கேட்பார். அந்தப் பட்டறையில் பில் ஃபைல் கீழ் அலமாரியில் இருந்தது. ஊறிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாடிப்படியில் காயப்போட்டோம். பாதிக்கு மேல் மை கரைந்துவிட்டது. இதெல்லாம் முடிந்து பணம் வர மாதங்கள் ஆகும். வங்கிக் கடன் இருந்தால் அந்தப் பணமும் பெரும்பாலும் முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும். பத்தாம் தேதி சம்பளத்துக்குக் காப்பீடு பதில் சொல்லாது.

சொத்துக்குச் சேதமே இல்லாத நெருக்கடிக்கும் அதனிடம் பதில் இல்லை. லாப இழப்புக் காப்பீடு தனியாக எடுத்தவர்களுக்கும் முதலில் சொத்து சேதமாகியிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. 2020 ஊரடங்கில் மெஷின்கள் பளபளவென்று இருந்தன, ஓடத்தான் இல்லை. பெரிய கஸ்டமர் ஒருவர் பணத்தை இழுத்தடிப்பதும் அப்படித்தான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் சட்டத்தைக் காட்டி வசூலிக்கும் வரை பட்டறை மூச்சு விட வேண்டுமே.

அந்த மூச்சுதான் கையிருப்பு. வெள்ளமோ ஊரடங்கோ இழுத்தடிப்போ, காரணம் கேட்காமல் மறுநாளே வரும் பணம் இது ஒன்றுதான். 'சிசிக்கு 11 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு 7 சதவீத டெபாசிட்டில் பணத்தைப் போடுவதா?' என்று கேட்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 6 லட்சத்துக்கு 4 சதவீத வித்தியாசம் வருடத்துக்கு 24,000 ரூபாய், மாதம் 2,000. சம்பளம் நிற்காமல் இருக்க இதை ஒரு பிரீமியமாக நினைத்துக் கட்டலாம் என்பது என் உறுதியான கருத்து. பட்டறையின் நல்ல ஆபரேட்டர் ஒரு மாதச் சம்பளம் வராவிட்டால் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவார். அவரைத் திரும்பக் கொண்டுவர எந்த பாலிசியும் இல்லை.

ஆனால் அந்த டெபாசிட்டைக் கடன் வாங்கிய வங்கியிலேயே வைக்காதீர்கள். நிலுவை ஏறினால் அதில் கைவைக்க வங்கிக்கு உரிமை உண்டு. வேறு வங்கியில் போட்டு, அதன்மேல் ஓடி (ஓவர்டிராஃப்ட்) வசதி வாங்கி வையுங்கள். டெபாசிட்டை உடைக்காமலே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு வேண்டும்? ஒன்றரை மாதச் சம்பளம், வாடகை, தவணை, அப்புறம் பட்டறை ஓடாவிட்டாலும் வரும் இபி நிலைக்கட்டணம்.

கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, எதை முதலில் செய்வது என்று கேட்டால், பாலிசித் தொகையை இந்த வாரமே திருத்தச் சொல்வேன். அதற்குப் போகும் கூடுதல் பிரீமியம் கையிருப்பு சேர்க்கும் தொகையைவிட எவ்வளவோ சிறியது. பிறகு மாதாமாதம் கையிருப்பைச் சேர்க்கலாம். சிசியை வியாபாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்துக்கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

அந்த முதலாளி டெபாசிட்டில் இருந்ததை எடுத்து அந்த மாதம் பாதிச் சம்பளம் போட்டார். மீதியை பொங்கலுக்கு முன் கொடுத்தார். இப்போது சிஎன்சி இரண்டடி உயர மேடையில் நிற்கிறது. ஒவ்வொரு மெஷினின் நம்பர் பிளேட்டும், ஒவ்வொரு பில்லும் படமெடுக்கப்பட்டு அவர் மகளின் மெயிலிலும் என் மெயிலிலும் இருக்கின்றன.