இலை கொட்டுகிறது: தண்ணீரா, பருவமா, பூச்சியா, பசியா?

கறிவேப்பிலை, நந்தியாவட்டை, வெட்சி, நொச்சி, ஆவாரை எல்லாமே "நாட்டுச் செடிதானே, தானாக வளர்ந்துகொள்ளும்" என்ற தைரியத்தில் நாம் வைப்பவை. அவை திடீரென்று இலையைக் கொட்ட ஆரம்பித்தால் பதறிப்போகிறோம். ஒருவர் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்வார், இன்னொருவர் புளித்த மோர் ஊற்றச் சொல்வார், மூன்றாமவர் ஒரு கைப்பிடி உரம் போடச் சொல்வார். மூன்றும் நல்ல பொருள்கள்தான். ஆனால் காரணம் தெரியாமல் மூன்றையும் கொடுத்தால் பிழைக்க வேண்டிய செடியும் போய்விடும். எனவே மருந்தை ஓரமாக வைத்துவிட்டு, காரணங்களை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம்.

தண்ணீர் போதவில்லையா, மிஞ்சிவிட்டதா?

அதிகம் ஏமாற்றுவது இந்த ஜோடிதான். இரண்டிலும் செடி வாடும், இரண்டிலும் இலை விழும். கறிவேப்பிலையாக இருந்தால் சிற்றிலைகள் உதிர்ந்து ஈர்க்கு மட்டும் மொட்டையாக நிற்கும். ஆனால் வைத்தியம் நேர்எதிர்.

மண்ணில் உள்ள இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுமுட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் தலைதொங்கும். அதைப் பார்த்துவிட்டு "ஐயோ, காய்கிறதே" என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம். மாடித் தொட்டிகளில் செடிகள் சாவதற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் சொல்வேன்.

இலையைக் கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். தண்ணீர் போதாமல் விழுந்த இலை ஓரம் பழுப்பாகி, நொறுங்கும் அளவுக்கு மொறமொறப்பாக இருக்கும். தொட்டி லேசாக இருக்கும், மண் சுருங்கி விளிம்பை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் மிஞ்சியதால் விழுந்த இலை பெரும்பாலும் மஞ்சளாகி, துவண்டு, மெத்தென்று இருக்கும். மண்ணில் புளித்த வாடை வரும், சின்னச் சின்ன கறுப்பு ஈக்கள் சுற்றும்.

சந்தேகம் இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அடியில் சேறாக இருக்கலாம். அப்புறம் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் ஓரமாகக் கிளறி ஒரு மெல்லிய வேரை இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சும்.

செடிக்குச் செடி அளவும் மாறும். நொச்சி ஆற்றோரத்தில் வளர்வது, ஈரத்தைத் தாங்கும். ஆவாரை வறண்ட மேட்டு நிலத்துச் செடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே குழாயில் நொச்சிக்கு ஏற்ற அளவு தண்ணீர் விட்டால், முதலில் மொட்டையாவது ஆவாரையாகத்தான் இருக்கும்.

பருவமா, நோயா?

மார்கழி, தை மாதங்களில் கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்வதும், துளிர் விடாமல் நிற்பதும் சகஜம். குளிரில் அது ஓய்வெடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், தமிழகத்தின் பெரும்பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு இந்தக் காலம் வருகிறது. மழையில் வேர் அழுகிய செடியும் அதே நாட்களில்தான் இலையைக் கொட்டும்.

இங்கே விழுந்த இலையைவிட விழாத இலைதான் சரியான சாட்சி. செடி தானாக உதிர்க்கும்போது காம்பின் அடியில் ஒரு பிரிப்பு அடுக்கை உண்டாக்கி, சுத்தமாகக் கழற்றிவிடும். கிளையில் சின்னத் தழும்பு மட்டும் இருக்கும். அந்த வேலையைச் செய்ய உயிர் வேண்டும். கிளையே பட்டுப்போனால் கழற்ற ஆள் இல்லை. இலை காய்ந்து பழுப்பாகி அங்கேயே தொங்கும். அது பருவ உதிர்வு கிடையாது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம் வரை கீழிறங்கி வெட்ட வேண்டும்.

பூச்சியா, பசியா?

இலை வெளுக்கிறதென்றால் இந்த இரண்டும் போட்டிக்கு வரும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி, செதில்பூச்சி இருந்தால் பிசுபிசுப்பும், அதன்மேல் கரும்பூசணமும், தண்டில் எறும்பு வரிசையும் இருக்கும். கோடையில் இலை புள்ளி புள்ளியாக வெளுத்தால் வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். தூசு மாதிரி விழுந்தவை நகர்ந்தால் சிலந்திப்பேன். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே போதும்.

பூச்சி இல்லை, ஆனாலும் வெளுக்கிறதா? எந்த இலை என்று கவனியுங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. முதிர்ந்த அடியிலைகள் வெளுத்தால் தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்திருக்கலாம். வெட்சியைச் சிமென்ட் சுவரோரம் வைப்பவர்கள் இரும்புச்சத்துக் குறையை அடிக்கடி பார்ப்பார்கள். சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுவதால், இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் புதுக்கொழுந்து தேறும். ஆனால் அது தற்காலிகம்தான், செடியைச் சுவரைவிட்டு நகர்த்துவதே நல்லது.

இலை காணாமல் போய், கீழேயும் உதிர்ந்து கிடக்கவில்லை என்றால், புழு தின்றிருக்கிறது. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. நந்தியாவட்டையில் நீலக் கண்புள்ளியோடு விரல் தடிமனில் இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. செடி பெரிதென்றால் விட்டுவிடுங்கள், மறுபடி தழைக்கும். நாட்டுச் செடி வைப்பதே இவற்றுக்கும் சேர்த்துத்தானே.

எதில் ஆரம்பிப்பது?

முதலில் மண், அடுத்து பட்டை, அப்புறம் இலையின் அடிப்பக்கம், கடைசியில்தான் உரம். முதல் மூன்றுக்கும் காசு செலவில்லை, தவறாகப் போனாலும் சேதமில்லை. உரம் அப்படியில்லை, அழுகிய வேரில் ரசாயன உரத்தின் உப்பு சேர்ந்தால் மிச்சமிருக்கும் வேரும் கருகும்.

வேர் அழுகல்தான் என்று உறுதியானால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்த வேரை வெட்டி, மணல் கலந்த புதுமண்ணில் நடுங்கள். போன வேருக்கு ஏற்ப மேல்கிளையையும் கொஞ்சம் குறையுங்கள். நிழலில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் நன்றாக விரிந்த பிறகு மண்புழு உரம் போடலாம்.